கீழூரில் 178 பேர் ஓட்டுப் போட்டார்கள், எங்கள் அத்தையை யாரும் கேட்கவில்லை

வில்லியனூர்_டிடிபி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். புதுச்சேரிக்குப் பக்கத்தில், வில்லியனூர் மாதா கோயில் பக்கம் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். பத்து வருஷமாக ஊரார் வீட்டுப் பத்திரத்தையும் பிறப்புச் சான்றிதழையும் நகல் எடுத்துத் தருகிறேன். சொந்த வீட்டுக் காகிதத்தை இந்த வாரம்தான் மெஷினில் வைத்தேன்.

மகள் ஒன்பதாவது படிக்கிறாள். நவம்பர் 1, புதுச்சேரி பிரெஞ்சுக்காரனிடம் இருந்து விடுதலையான நாள் வருகிறதே, அதற்காக "நம் ஊர் இந்தியாவோடு சேர்ந்த கதை" என்று மூன்று பக்கம் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுத வேண்டுமாம். எங்கள் வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் மாமனார், 84 வயது. இன்னொருவர் என் அப்பாவின் அக்கா. அத்தைக்கு 80 வயது, பிள்ளைகள் இல்லை, எங்களோடுதான் இருக்கிறார். இரண்டு பேரையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்துக் கேட்டேன் பாருங்கள், அதுதான் நான் செய்த தப்பு.

மாமனார் கதை இது. 1954 நவம்பர் 1 அன்று அவர் அப்பா சைக்கிள் பின்னால் உட்கார வைத்துப் பட்டணத்துக்குக் கூட்டிப்போனார். ஒரே கூட்டம். கவர்னர் மாளிகையில் மூவர்ணக் கொடி. யாரோ கை நிறையப் பூந்தி அள்ளிக் கொடுத்தார்கள். தங்கைகளுக்கு என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்ததில் புதுச் சட்டை முழுக்கப் பாகு, அம்மாவிடம் செம அடி. இந்த அடி வரைக்கும் ஒவ்வொரு வருஷமும் சொல்வார். அப்புறம் கணக்குக்கு வருவார். அக்டோபர் 18, கீழூர், ஓட்டுப் போட்டவர்கள் 178, இந்தியா வேண்டும் என்றவர்கள் 170, வேண்டாம் என்றவர்கள் 8. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சரியாகச் சொல்வார். "ஒரு தோட்டா வெடிக்காமல் ஓட்டுப் போட்டே வெள்ளைக்காரனை அனுப்பினோம், எழுதிக்கோ" என்று பேத்தியிடம் சொன்னார்.

அத்தை வெற்றிலையை மென்றுகொண்டே, "அந்த 178 பேர்ல எங்க தெருக்காரன் எத்தன பேரு?" என்றார். மாமனாரிடம் பதில் இல்லை.

அத்தை சொன்னது வேறு கதை. அன்றைக்கு அவர்கள் வீட்டில் அடுப்பே எரியவில்லையாம். என் தாத்தாவின் தம்பி பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தார். சைகோனில் இருந்து அவர் அனுப்பும் பணத்தில்தான் வீடு ஓடியது. கொடி மாறினால் அந்தப் பணம் நின்றுவிடும் என்று பாட்டி திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை. (பணம் நிற்கவில்லை. ஆனால் அது பின்னால்தானே தெரியும்.)

இதோடு விட்டிருந்தால் சரி. 1962-ல் ஏதோ ஆறு மாதம் தவணை கொடுத்தார்களாம், யாருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமோ அவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று. தாத்தா எழுதிக் கொடுக்கவில்லை. அப்போது பிரான்சிலேயே தங்கிவிட்ட சின்னத் தாத்தாவும் எழுதிக் கொடுக்கவில்லை. "ரெண்டு பேரும் கையெழுத்துப் போடல. ஒருத்தன் பிரெஞ்சுக்காரன் ஆயிட்டான், ஒருத்தன் இந்தியன் ஆயிட்டான். இதுல எது நியாயம்?" என்று கேட்கிறார். சின்னத் தாத்தாவின் பேரன்கள் அங்கே நல்ல நிலையில் இருக்கிறார்கள். இங்கே நான் ஒரு பக்கத்துக்கு இரண்டு ரூபாய் என்று நகல் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அத்தை அதைச் சொல்லவில்லை, நானாக நினைத்துக்கொண்டேன்.

தகரப் பெட்டியில் தாத்தாவுடைய எத்தா சிவில் (பிறப்பு, திருமணப் பதிவு) சான்று ஒன்று, பிரெஞ்சில், மூலையில் கரையான் அரித்தது. அத்தையின் பிறப்புச் சான்றும் இருக்கிறது: 1944 ஜூலை.

என் கேள்விகள். ஆகஸ்ட் 15, ஆகஸ்ட் 16, நவம்பர் 1 என்று மூன்று நாள் இருக்கிறதே, எதை எழுதுவது? மாமனார் சொல்வதுபோல் இது ரத்தம் சிந்தாமல் வந்ததா? அத்தை கேட்கும் கேள்விக்கு யாராவது விளக்கம் சொல்ல முடியுமா? மூன்று பக்கத்துக்குள் அடங்கினால் புண்ணியமாகப் போகும்.


பாகூர்_பையன்:

அக்கா, லீவு கணக்கு நான் சொல்கிறேன், அதுதான் எனக்குத் தெரிந்த வரலாறு 😀 ஆகஸ்ட் 15 நாடு முழுக்க. நவம்பர் 1, 1954-ல் நிர்வாகம் மட்டும் கைமாறியது. காகிதத்தில் நாம் இன்னும் பிரான்சுதான். 1956 மே 28-ல் டெல்லியில் ஒப்பந்தம் போட்டார்கள். அதைப் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஏற்று, இரண்டு நாடும் பத்திரம் மாற்றிக்கொண்டது 1962 ஆகஸ்ட் 16. ஆக, எட்டு வருஷம் வாடகை வீட்டில் குடியிருந்துவிட்டு அப்புறம் கிரயம் பண்ணின மாதிரி. மூன்றும் எழுதச் சொல்லுங்கள், மூன்றும் லீவுதான்.


மில்_சங்கு:

அம்மா, உங்கள் மாமனார் வயதுக்குக் கொஞ்சம் இளையவன் நான். 31 வருஷம் மில்லில் தறி ஓட்டினேன். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லிவிட்டு இதையும் படித்துக் காட்டுங்கள்.

ஒரு தோட்டா வெடிக்கவில்லை என்பது அந்த ஒரு நாளுக்குச் சரி. 1936 ஜூலை 30-ஐ விட்டுவிட்டு இந்தக் கதையை எழுதக் கூடாது. சவானா மில்லில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளிகளைப் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டது. 12 பேர் செத்தார்கள். என் அப்பாவுக்கு அப்போது 19 வயது, பக்கத்து மில்லில் நூல் பிரிவில் வேலை. விடியுமுன் சங்கு ஊதினால் போவார்கள், இருட்டினபின் வருவார்கள். பிள்ளைகள் அப்பன் முகத்தை ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்கும். அன்றைக்குச் சத்தம் கேட்டு மெஷினை விட்டு ஓடினார். கடலூர் ரோட்டில் ஒருத்தர் வேட்டி ரத்தமாகக் கிடந்ததையும், அவர் மடியில் கட்டியிருந்த பொரி சிதறிக் கிடந்ததையும் பார்த்தாராம். சாகும்வரை பொரி தின்னமாட்டார்.

மறு வருஷம், 1937-ல், எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், பிரிட்டிஷ் இந்தியாவில், 1934 சட்டப்படி மில் தொழிலாளிக்கு வாரம் 54 மணி நேரம். ஆசியாவிலேயே முதல் என்று ஒவ்வொரு ஜூலை 30-க்கும் மேடையில் முழங்குவார்கள். முதலோ மூன்றாவதோ, என் அப்பா பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்தார், அது எனக்குப் போதும். அதற்காகப் பாரிஸ் வரை போய் வாதாடியவர் தொழிலாளர் தலைவர் வ. சுப்பையா. அவர் வீட்டை 1950-ல் கொளுத்தினார்கள். அவரே ஊருக்குள் நுழைய முடியாமல் கிடந்துவிட்டு, 1954 நவம்பர் 1 அன்றுதான் ஊர்வலமாகத் திரும்பி வந்தார். உங்கள் மாமனார் பார்த்த கூட்டத்தில் பாதி அவருக்காக வந்த கூட்டம்.

அத்தை கேட்ட 178-க்கு வருகிறேன். நல்ல கேள்வி. 1948 ஜூனில் இந்தியாவும் பிரான்சும் பேசி, எந்தப் பக்கம் என்பதை ஜனங்களே சொல்லட்டும் என்று முடிவு செய்தன. வங்காளத்தில் இருந்த பிரெஞ்சு ஊரான சந்திரநாகூரில் அப்படியே நடந்தது. 1949 ஜூனில் ஜனங்கள் நேராக ஓட்டுப் போட்டார்கள். 7,000-க்கு மேல் இந்தியாவுக்கு, நூற்றுச் சொச்சம் பிரான்சுக்கு. நமக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. இங்கே தேர்தல் என்றால் பெட்டியை மாற்றுவது, அடியாள் வைப்பது என்று பேர் கெட்டுப்போயிருந்தது. கடைசியில் சட்டமன்ற உறுப்பினர்களும் முனிசிபல் கவுன்சிலர்களும் மட்டும் கீழூரில் கூடிப் போட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்த 178 பேரில் பெரும்பாலோர் முந்தின நாள்வரை பிரான்சுக்கு ஜே போட்ட கட்சியில் இருந்தவர்கள். அவர்கள் தலைவர் எதுவார் குபேர் 1954 மார்ச்சில் பக்கம் மாறினார், நெட்டப்பாக்கத்தில் கொடி ஏற்றினார், கூடவே எல்லாரும் மாறினார்கள். 1963-ல் முதல் முதலமைச்சரும் அவரே. பெரிய மார்க்கெட்டுக்கு அவர் பேர், கடற்கரைச் சாலைக்கு அவர் பேர். செத்த 12 பேருக்கு ஒரு நினைவுச் சின்னம். நான் குறை சொல்லவில்லை, மார்க்கெட்டுக்குப் போகும்போதெல்லாம் ஞாபகம் வரும், அவ்வளவுதான். அவர் மாறாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை ஜூலை 30 வந்திருக்குமோ, அதையும் நினைத்துக்கொள்வேன்.

மில்லைப் பற்றி இன்னும் எழுத ஆசைதான். 2011 டிசம்பர் தானே புயலில் கூரை போனதும், 2020-ல் ஒரேயடியாகக் கதவை மூடினதும் வேறு கதை. உங்கள் மூன்று பக்கம் தாங்காது.


மஞ்சக்குப்பம்_வாத்தியார்:

கடலூரில் இருந்து எழுதுகிறேன். புதுச்சேரிக்காரர்கள் பேசும்போது எங்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, ஆனால் அந்த எல்லையின் மறுபக்கம் இருந்தது நாங்கள்.

வரைபடத்தைப் பாருங்கள், உடைந்த ஓட்டுச் சில்லைச் சிதறவிட்ட மாதிரி இருக்கும். பிரெஞ்சு ஊர், நடுவில் நம் ஊர், மறுபடி பிரெஞ்சு ஊர். என் தாத்தாவுக்கு வீடு தென்பெண்ணைக்கு இந்தப் பக்கம், நிலம் பாகூர்ப் பக்கம் ஒன்றரைக் காணி. 1949-ல் இந்தியா பிரெஞ்சுக்காரனோடு இருந்த சுங்க ஏற்பாட்டை முறித்துக்கொண்டு எல்லையில் சாவடி போட்டதும், தன் வயலில் விளைந்த நெல்லைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்தது கடத்தல் ஆகிவிட்டது. ஒரு பொங்கலுக்கு அரை மூட்டைப் புது நெல்லை வண்டியில் வைக்கோலுக்கு அடியில் வைத்து வந்து பிடிபட்டார். நெல் போனது, வண்டி போனது, மாட்டை மட்டும் காலில் விழுந்து மீட்டார். சுதந்திரம் வந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. "என் நெல்லை என் நாட்டுக்காரனே பிடுங்கினான்" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். பிரான்சைப் பணியவைக்க டெல்லி போட்ட முடிச்சு அது. முடிச்சு வேலை செய்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் இறுகியது எங்கள் தாத்தா கழுத்தில்.

அதே தாத்தா 1954 நவம்பரில் சாவடியைப் பிரித்ததும் வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தாராம். சும்மாவே. யாரும் நிறுத்தவில்லை என்பதைப் பார்க்க.

1948 முதல் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு, உங்கள் பக்கம் கடை திறந்தே இருந்தது. நெல் சாவடி போனாலும் சாராயச் சாவடி போகவில்லை. இன்றைக்கும் முள்ளோடையில் என் பையைத் துழாவுகிறார்கள். எழுபது வயதுக்கு மேல் ஆகிறது, சர்க்கரை மாத்திரைதான் இருக்கும்.

பேத்தி கடலூரைப் பற்றி ஒரு வரி எழுதினால் அஞ்சலையம்மாளை எழுதச் சொல்லுங்கள். இந்த ஊர் நெசவுக் குடும்பத்துப் பெண். 1927-ல் சென்னையில் நீல் என்ற வெள்ளைக்காரத் தளபதியின் சிலையை அகற்றக் கோரிய போராட்டத்தில் மகளோடு சிறைக்குப் போனார். 1937-ல் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். இப்போதைய பிள்ளைகளுக்கு அவர் பேர் தெரியவில்லை.


சொல்தா_பேரன்:

அக்கா, நான் பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கிறேன், பூர்வீகம் உங்கள் ஊருக்கு மேற்கே. உங்கள் சின்னத் தாத்தா மாதிரிதான் என் தாத்தாவும், சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய். அதனால் அத்தையின் கேள்விக்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் இதைத்தான் சின்ன வயதில் இருந்து பேசுவார்கள்.

1956 ஒப்பந்தம் ஆளைப் பார்க்கவில்லை, ஆள் எங்கே குடியிருந்தார் என்று பார்த்தது. புதுச்சேரியில் பிறந்து, ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரியிலேயே குடியிருந்தவர் தானாக இந்தியர். பிரெஞ்சுக்காரராகவே இருக்க வேண்டும் என்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இதைத்தான் எங்களவர் ஒப்சியோன் என்பார்கள். புதுச்சேரியில் பிறந்து அன்றைக்கு வெளிநாட்டில் குடியிருந்தவர் தானாகப் பிரெஞ்சுக்காரர். இந்தியா வேண்டும் என்றால் அவர்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். உங்கள் தாத்தா வில்லியனூரில் சும்மா இருந்தார், இந்தியர் ஆனார். தம்பி பிரான்சில் சும்மா இருந்தார், பிரெஞ்சுக்காரர் ஆனார். அத்தை சொன்னது அட்சரம் பிசகாத உண்மை.

கையெழுத்துப் போட்டவர்கள் ஏறக்குறைய 5,000 பேர்தான். ஊரில் பாதிப் பேருக்கு அந்தக் காகிதம் எதற்கு என்றே தெரியாது. தெரிந்தவர்களிலும் பலர் பயந்தார்கள். கையெழுத்துப் போட்டால் கப்பலேற்றி அனுப்பிவிடுவார்கள், நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று தெருத்தெருவாகப் பேச்சு. என் தாத்தா அப்போது விடுப்பில் ஊரில் இருந்ததால் தம்பியைக் கூட்டிக்கொண்டுபோய்ப் போட வைத்தார். பக்கத்து வீட்டுக்காரர் மாட்டேன் என்றார். இன்றைக்கு அந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டும் வேறு வேறு நிறம்.

எட்டு வருஷம் ஏன் இழுத்தது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. 1954 நவம்பர் 1, உங்கள் மாமனார் பூந்தி வாங்கிய அதே நாள், அல்ஜீரியாவில் விடுதலைப் போர் தொடங்கியது. அங்கே விட்டுக்கொடுக்க மனமில்லாத பாரிஸ், இங்கே ஊரை எழுதிக் கொடுக்கும் காகிதத்தை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவரவே தயங்கியது. அல்ஜீரியா 1962 ஜூலையில் சுதந்திரம் அடைந்தது. அதே மாதம் நம் காகிதமும் நகர்ந்தது. என் தாத்தா அந்தப் போரில் இருந்தார். இன்னொருத்தர் விடுதலையை அடக்கப் போன இடத்தில் சொந்த ஊர் விடுதலையான செய்தியைக் கடிதத்தில் படித்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்.

இன்னொன்று, மில் ஐயா கோபிக்கக் கூடாது. எங்கள் தெருவில் நவம்பர் 1-ஐ யாரும் பெரிதாகக் கொண்டாடியதில்லை. எங்கள் தெரு ஊருக்கு வெளியே இருந்த தெரு. என் தாத்தாவின் அப்பா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்த அதே வீதியில் தாத்தா விடுப்பில் வரும்போது பட்டாள பூட்ஸ் போட்டுக்கொண்டு நடந்தார். டக் டக் என்று சத்தம் கேட்கவேண்டும் என்றே அழுத்தி மிதிப்பாராம். திண்ணையில் இருந்தவர்கள் பல்லைக் கடித்தார்களே தவிர யாரும் வாய் திறக்கவில்லை, ஏனென்றால் அது பிரான்சின் பூட்ஸ். இந்த ஊரில் செருப்புக்குப் பெரிய சரித்திரமே இருக்கிறது. 1873-ல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியச் செருப்போடு நீதிமன்றத்துக்குள் வந்ததற்காக வெளியே அனுப்பப்பட்டு, பாரிஸ் வரை போய் ஜெயித்தார். பின்னால் லபோர்த் என்று பேரை மாற்றிக்கொண்டார். அவர் பேரில் வீதி இருக்கிறது. அவரே வேளாளர். அவருக்கே அந்தப் பாடு என்றால் எங்களவர் பாட்டை யோசியுங்கள்.

இந்திய அரசியல் சட்டம் 1950-லேயே தீண்டாமையை ஒழித்தது, தெரியும். அந்தச் சட்டம் எங்கள் தெருவுக்கு நடந்து வர நாளாயிற்று. பூட்ஸ் முதலிலேயே வந்துவிட்டது. தாத்தா அந்தக் கொடியை விட்டுப் பிரிய மனமில்லாமல் போனது அதனால்தான். அவர் அடிமைப் புத்திக்காரர் என்று கல்லூரியில் ஒருவர் என்னிடம் சொன்னபோது அடிக்கப் போய்விட்டேன்.

அத்தை விஷயத்தில் ஒன்று கவனித்தேன். 18 வயதுக்குக் கீழே, கல்யாணம் ஆகாத பிள்ளைகளுக்குத்தான் அப்பாவின் முடிவு பொருந்தும். அத்தை பிறந்தது 1944 ஜூலை என்கிறீர்கள். 1962 ஆகஸ்ட் 16 அன்று அவருக்கு 18 முடிந்து ஒரு மாதம். உங்கள் அப்பா சின்னப் பிள்ளை, தாத்தாவோடு போனார், சரி. ஆனால் அத்தை தனக்குத் தானே எழுதிக் கொடுத்திருக்கலாம். தாத்தாவின் கையெழுத்து அவருக்குத் தேவையே இல்லை.


வில்லியனூர்_டிடிபி:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி கடை சாத்திவிட்டு வந்து முழுவதையும் சத்தமாகப் படித்தேன். ஜூலை 30 பற்றிப் படித்தபோது மாமனார், "அதை எழுதாமல் விட்டால் பாவம்" என்று அவராகவே சொன்னார். 12 பேரையும் மகள் முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டாள். வாத்தியார் தாத்தாவின் வெறும் வண்டியும் உள்ளே வந்துவிட்டது, அது அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அஞ்சலையம்மாளுக்கு ஒரு வரி.

தம்பி, நீங்கள் கடைசியாக எழுதியதைப் படிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் படித்தேன். அத்தை வெற்றிலைப் பெட்டியை மூடினார். "எந்த மாசம் வரைக்கும் டைம் குடுத்தாங்க?" என்று கேட்டார். 1963 பிப்ரவரி நடுவரைக்கும் என்றேன். கொஞ்ச நேரம் விரல் விட்டு எண்ணினார்.

"தை மாசம் எனக்குக் கல்யாணம். பொடவை எடுக்கக் கடலூர் போனோம், பாத்திரம் வாங்கப் பெரிய மார்க்கெட் போனோம். அந்த ஆபீசு வாசல் வழியாத்தான் போனோம்."

பக்கம் மூன்றரை ஆகிவிட்டது. அரைப் பக்கத்தை எழுத்தைச் சின்னதாக்கிச் சரிக்கட்டிவிடுவேன், அது என் தொழில்தான். அத்தை தன் பிறப்புச் சான்றை இரண்டு நகல் எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.